"ஒரு ஜோக் சொல்லுங்க சார்!": சென்னையில் நகைச்சுவை எழுதுகிறவரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாற்பது வருடமாகச் சென்னையில் நகைச்சுவை எழுதுகிறேன். பத்திரிகைத் துணுக்கு, சபா நாடகம், கொஞ்சம் டிவி, கொஞ்சமே கொஞ்சம் சினிமா. கல்யாணப் பந்தியிலும் புத்தகக் காட்சியின் டிக்கெட் வரிசையிலும் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். தனித்தனியாகப் பதில் சொல்லிச் சொல்லி, இலையில் சாம்பார் ஆறிப்போனதுதான் மிச்சம். அதனால் மொத்தமாக இங்கே எழுதி வைத்துவிடுகிறேன்.

ஒரு ஜோக் சொல்லுங்களேன்?

மாட்டேன். விருந்தாளியாக வந்த சமையல்காரரை இலை முன்னால் உட்காரவைத்து, "அப்படியே ஒரு ரசம் வெச்சுட்டு வந்துடுங்களேன்" என்று யாராவது கேட்பார்களா? தவிர, எனக்கு ஜோக் எழுதத்தான் வரும், சொல்ல வராது. சொன்னால், முடிப்பதற்குள் நானே சிரித்துவிடுவேன். எங்கள் நாடகக் குழுவில் எனக்கு வசனமே கொடுக்க மாட்டார்கள்.

எப்படி ஆரம்பித்தீர்கள்?

15 பைசா தபால் கார்டில். 1984. அப்போது வார இதழ்களில் துணுக்கு எழுதுவதற்கென்றே ஊர் ஊராக ஒரு படை இருந்தது. பேருக்கு முன்னால் ஊர்ப் பேரையும் சேர்த்துக்கொள்வார்கள். ஒரு கார்டில் இரண்டு ஜோக் எழுதுவார்கள். சிக்கனக்காரர்கள் விலாசம் எழுதும் பக்கத்திலும் ஒன்றை நுழைத்துவிடுவார்கள். வகைகள் ஏற்கெனவே தீர்மானமானவை: மன்னரும் அமைச்சரும், டாக்டரும் நோயாளியும், தலைவரும் தொண்டரும், மாமியாரும் மருமகளும், ஏட்டும் திருடனும். புதிதாக ஒரு ஜோடி கண்டுபிடித்தவர் யாருமில்லை.

நான் அனுப்பியதில் முப்பத்தோராவது கார்டு அச்சானது. மன்னர் ஜோக். மணியார்டரில் 15 ரூபாய் வந்தது. போஸ்ட்மேனுக்கு 2 ரூபாய் கொடுத்தேன். அவர் ஜோக்கைப் படித்துப் பார்த்துவிட்டு, "இதுக்கா குடுத்தாங்க?" என்றார். முதல் விமர்சனம் அதுதான்.

இன்னொரு பக்கம், படிப்பு. எங்கள் வீட்டுப் பரணில் பைண்டு பண்ணிய ஆனந்த விகடன் தொடர்கள் இருந்தன. 1928-இல் எஸ்.எஸ். வாசன் அந்தப் பத்திரிகையை வாங்கிய பிறகு, சென்னையில் சிரிக்க வைப்பது ஒரு முழு நேர வேலையானது. கல்கி, தேவன், படம் போட்ட மாலி, பின்னால் கோபுலு எல்லோரும் அங்கே உட்கார்ந்துதான் எழுதினார்கள், வரைந்தார்கள். குமுதத்துக்கு வந்தால் அப்புசாமியும் சீதாப்பாட்டியும். அவர்களை எழுதிய பாக்கியம் ராமசாமி, ஆசிரியர் குழுவில் இருந்த ஜ.ரா. சுந்தரேசன். அம்மா பேரையும் அப்பா பேரையும் சேர்த்துப் புனைபெயர் வைத்துக்கொண்டவர்.

இதை வைத்துப் பிழைக்க முடியுமா?

முடியாது. நான் 36 வருடம் இன்ஷூரன்ஸ் ஆபீசில் இருந்தேன். எங்கள் நாடகக் குழுவில் பேங்க் ஆட்கள் நாலு பேர், டெலிபோன்ஸ் ஒருவர், ரயில்வே ஒருவர், சொந்தமாக மருந்துக் கடை வைத்திருந்தவர் ஒருவர். மருந்துக் கடைக்காரருக்குத்தான் எப்போதும் கதாநாயகன் வேஷம், ஏனென்றால் ஒத்திகைக்கு இடம் கொடுத்தது அவர். சென்னை மேடை நகைச்சுவை முழுக்க இப்படித்தான் வளர்ந்தது: பகலில் ஆபீஸ், மாலையில் ஒத்திகை, ஞாயிற்றுக்கிழமை நாடகம். கிரேஸி மோகன்கூட கிண்டி இன்ஜினீயரிங் காலேஜில் மெக்கானிக்கல் படித்துவிட்டு சுந்தரம் கிளேட்டனில் வேலை பார்த்தவர்தான். 1976-இல் எஸ்.வி. சேகரின் குழுவுக்கு முதல் முழு நீள நாடகத்தை எழுதியபோது, எழுத்து அவருக்குச் சாப்பாடு போடவில்லை.

சபா நாடகம் என்றால் என்ன? டிக்கெட் எங்கே கிடைக்கும்?

இந்தக் கேள்வி முப்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களிடமிருந்து மட்டும் வருகிறது, எனக்கு நெஞ்சு வலிக்கிறது.

சபா என்பது உறுப்பினர்கள் சந்தா கட்டுகிற ரசிகர் சங்கம். வருடத்துக்கு ஒரு தொகை கட்டினால் மாதாமாதம் ஒன்றிரண்டு கச்சேரியோ நாடகமோ பார்க்கலாம். நாரத கான சபா, மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ், தி.நகர் வாணி மகாலில் தியாக பிரம்ம கான சபா என்று மயிலாப்பூருக்கும் மாம்பலத்துக்கும் நடுவிலேயே ஒரு கொத்து. சபா நாடகக் குழுவுக்கு ஒரு தொகை தரும். செட், மேக்கப், மைக், வேன் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அடங்காது.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. அங்கே உட்கார்ந்திருப்பவர் உங்கள் நாடகத்துக்காக வந்தவரல்ல. சந்தா கட்டிவிட்டோமே என்று வந்தவர். பக்கத்தில் அவர் மனைவி, அதற்கடுத்து ஊரிலிருந்து வந்த மச்சினர். எட்டரைக்குக் கிளம்பினால்தான் கடைசிப் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கும் என்பது அவர் மனதில் ஓடிக்கொண்டே இருக்கும். அவரைச் சிரிக்க வைக்க வேண்டும். அதனால்தான் சபா நகைச்சுவை நிமிஷத்துக்கு ஒரு சிரிப்பு என்ற கணக்குக்கு வந்தது. கதை மெலிந்து போனதற்கும் அதுவே காரணம். ஒரு கொடிக் கயிறு மாதிரி கதை, அதில் நூற்றியிருபது துணி காயும்.

கூட்டம் குறைந்ததற்கு ஆள் ஆளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். முதல் அடி தூர்தர்ஷனின் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத் தமிழ்ப் படம். இரண்டாவது அடி, 1993-க்குப் பிறகு வந்த தனியார் சேனல்களும் மெகா சீரியல்களும். எங்கள் நடிகைகளே ஷூட்டிங் இருக்கிறது என்று வராமல் போனார்கள். ஆனாலும் முழுக்க நின்றுவிடவில்லை. கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸின் கோடை நாடக விழாவுக்கு ஒரு முறை போய்ப் பாருங்கள். வெயிலில் விசிறிக்கொண்டு வந்து உட்கார்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ஒரு ஜோக் எப்படி உருவாகிறது?

எழுதும்போது பாதிதான் உருவாகும். மீதி, அரங்கத்தில் கடைசி வரிசைக்குப் பின்னால் நான் நிற்கும்போது.

கையில் ஸ்கிரிப்ட், பென்சில். சிரிப்பு வந்த இடத்தில் ஓரத்தில் "சி" என்று போடுவேன். பெரிய சிரிப்புக்கு "சிசி". கைதட்டலோடு வந்தால் "சிசிசி". ஒரு நாள் என் மனைவி அந்தத் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "யாரு இப்படிப் பக்கத்துக்குப் பக்கம் காறித் துப்பியிருக்கா?" என்று கேட்டாள். அன்று அவளுக்கு நான் ஒரு "சிசிசி" போட்டேன்.

ஒரு உதாரணம். ஒரு ஃப்ளாட் நாடகத்தில் தண்ணீர் லாரி வரும் காட்சி. செகரெட்டரி கேட்கிறார், "தண்ணி லாரி வந்துச்சா?" வாட்ச்மேன் பதிலை நான் முதலில் இப்படி எழுதியிருந்தேன்: "லாரி என்னமோ கரெக்டா ஆறு மணிக்கெல்லாம் வந்துடுச்சு சார், ஆனா அதுல தண்ணிதான் இல்ல." அரங்கம் அமைதி. ஒருவர் தும்மினார். இரண்டாவது ஞாயிறு: "லாரி வந்துச்சு சார். ஆனா தண்ணி இல்ல." நாலைந்து பேர். மூன்றாவது ஞாயிறு, வாட்ச்மேனாக நடித்த ரயில்வேக்காரர் அவராகவே மாற்றினார். "வந்துச்சு சார்." பெருமையாகச் சொல்லிவிட்டுச் சல்யூட் அடித்தார். செகரெட்டரி திரும்பி இரண்டு அடி நடந்தார். "தண்ணிதான் வரல." சிசி.

என்ன நடந்தது? "ஆனா" போய்விட்டது. "ஆனா" என்று சொன்னதுமே எதிரே இருப்பவர் உஷாராகிவிடுகிறார். அப்புறம், தமிழில் வினைச்சொல் கடைசியில் வருவது எங்கள் மாதிரி ஆட்களுக்குக் கிடைத்த பெரிய வரம். வரும் என்பதா வராது என்பதா, கடைசி எழுத்து வரைக்கும் வாயைத் திறக்காமல் வைத்திருக்கலாம்.

இந்தக் கதை இதோடு முடியவில்லை. அந்த வரி 2003-இல், தண்ணீர்ப் பஞ்சத்தின்போது, அடி பின்னியது. 2019 ஜூனில், ஏரிகள் எல்லாம் வறண்டு கிடந்தபோது, அதே நாடகத்தை மறுபடி போட்டோம். இன்னும் பெரிய சிரிப்பு வரும் என்று பென்சிலைக் கூர் சீவி வைத்திருந்தேன். சிரிப்பே இல்லை. ஒரு அம்மா மட்டும் "ஆமாம்பா, நேத்தும் வரல" என்று உரக்கச் சொன்னார். அதற்குத்தான் கைதட்டினார்கள். அரங்கத்தில் இருந்த பாதிப் பேர் அன்று காலையில் குடத்தோடு நின்றவர்கள். உள்ளே உட்கார்ந்திருப்பவர் யார், இன்று காலை அவருக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல் எழுதினால் இதுதான் கதி. அந்தக் காட்சியைத் தூக்கிவிட்டேன்.

ஏன் எல்லா நாடகத்திலும் மாமா மாமியாகவே இருக்கிறார்கள்?

எழுதியவர்களும் நடித்தவர்களும் பார்த்தவர்களும் பெரும்பாலும் அவர்களே என்பதால். இதை மழுப்ப வேண்டியதில்லை. மயிலாப்பூர், மாம்பலம், திருவல்லிக்கேணியின் ஒரு சின்ன வட்டாரத்துப் பேச்சுதான் பல வருடம் "சென்னை நகைச்சுவை" என்ற பேரில் ஓடியது. ராயபுரமோ வியாசர்பாடியோ மேடைக்கு வந்தால் ரிக்‌ஷாக்காரராகவோ பேட்டை ரவுடியாகவோ வந்தது. அவர் வாய் திறந்து மெட்ராஸ் பாஷையில் ஒரு வார்த்தை சொன்னாலே சிரிப்பு. ஜோக் வேண்டியதில்லை. நானும் எழுதியிருக்கிறேன்.

ஒரு முறை எங்கள் செட் ஏற்றி இறக்கும் வேன் டிரைவர், காசிமேட்டுக்காரர், சைடு விங்கில் நின்று முழு நாடகத்தையும் பார்த்தார். எங்கள் ரிக்‌ஷாக்காரர் காட்சிக்கு மட்டும் சிரிக்கவில்லை. "நம்ம ஆளு யாரும் இப்படிப் பேச மாட்டான் சார். நீங்க கேட்டதேயில்ல போல" என்றார். திரும்பும் வழியில் சென்ட்ரல் தாண்டுவதற்குள் அவர் சொன்ன நாலு கதையில், நான் வாழ்நாளில் எழுதியதைவிட அதிக சிசி இருந்தது.

நாடகத்துக்குப் போலீஸ் அனுமதி வேண்டுமாமே?

வேண்டியிருந்தது. 1954-ஆம் வருடச் சட்டம் ஒன்றின்படி, சென்னையில் நாடகம் போடுகிறவர்கள் ஸ்கிரிப்டைப் போலீசிடம் கொடுத்து முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். டைப் அடித்த பிரதியை எடுத்துக்கொண்டு நான் எத்தனை முறை நடந்திருப்பேனோ. என் நகைச்சுவையை அவ்வளவு கவனமாக, ஒரு பல் கூடத் தெரியாமல் படித்தவர்கள் வேறு யாருமில்லை. 2013-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் செல்லாது என்று சொன்னது. வழக்குப் போட்டவர் பரீக்‌ஷா நாடகக் குழுவின் ஞாநி. நாங்கள் சபாக்காரர்கள் யாரும் போடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு ஜோக்குக்காக ஜெயிலுக்குப் போக வாய்ப்பு உண்டா?

போயிருக்கிறார்கள். 1987-இல் ஆனந்த விகடன் அட்டையில் ஒரு கேலிச்சித்திர ஜோக் வந்தது. மேடையில் இருப்பவர்களில் யார் எம்.எல்.ஏ., யார் மந்திரி என்ற கேள்விக்கு, ஒருவரை ஜேப்படிக்காரர் மாதிரியும் இன்னொருவரைக் கொள்ளைக்காரர் மாதிரியும் அடையாளம் காட்டுகிற பதில். சட்டமன்றத்தின் உரிமையை மீறியதாக ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. பெரிய எதிர்ப்பு கிளம்பி, சில நாட்களிலேயே விடுவிக்கப்பட்டார். பிறகு அவர் கோர்ட்டுக்குப் போய், 1,000 ரூபாய் நஷ்டஈடு வாங்கினார்.

அந்த வாரம் எங்கள் வீட்டுக்கு அப்பா ஒரு உத்தரவு போட்டார்: இனிமேல் மன்னர் ஜோக் மட்டும் எழுது. "ராஜாக்கள் யாரும் உயிரோட இல்ல."

சினிமாவுக்கு எழுதினீர்களே, அது என்ன ஆயிற்று?

இரண்டு படம். ஒன்று வெளிவரவில்லை, இன்னொன்றில் என் பெயர் வெளிவரவில்லை. சாலிகிராமத்தில் ஒரு வாடகை ஃப்ளாட், தரையில் பாய், நடுவில் பஜ்ஜித் தட்டு. அதற்கு "டிஸ்கஷன்" என்று பேர். ஒன்பது பேர் உட்கார்ந்து பேசுவார்கள், எட்டுப் பேருக்குச் சம்பளம் கிடையாது. கொடுத்த ஒரே செக்கும் பேங்க்குக்குப் போய்விட்டு வீட்டுக்குத் திரும்பி வந்தது, என் ஜோக்குகளைவிட வேகமாக.

ஆனால் அங்கே உட்கார்ந்ததில் ஒன்று புரிந்தது. தமிழ் சினிமாவில் காமெடி ட்ராக் என்பது தனியாக ஒரு தொழில். 'கரகாட்டக்காரன்' வாழைப்பழக் காட்சி தெரியாத ஆள் தமிழ்நாட்டில் கிடையாது. அதை எழுதிய ஏ. வீரப்பனின் பெயரைச் சொல்லிப் பாருங்கள், பத்துக்கு ஒருவருக்குத் தெரிந்தால் அதிகம்.

இலக்கிய உலகம் உங்களை எழுத்தாளராக ஏற்றுக்கொள்கிறதா?

புத்தகக் காட்சியில் என் புத்தகம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சமையலுக்கும் ஜோசியத்துக்கும் நடுவில். ஒரு வகையில் நியாயம்தான், மூன்றுமே நம்பிக்கையில் வாங்குவது.

இலக்கியக் கூட்டங்களுக்கும் போகிறேன். கே.கே. நகரில் புத்தகக் கடை மாடியில் நடக்கும், பின் வரிசையில் உட்கார்வேன். அவர்கள் எழுதினால் அது "அங்கதம்", நாங்கள் எழுதினால் "தமாஷ்". பிராட்வே முனையில் கடவுளைச் சந்தித்து, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், தன் பத்திரிகைக்கு ஆயுள் சந்தாவும் வாங்கிவிடுகிற கந்தசாமிப் பிள்ளையை எழுதிய புதுமைப்பித்தனைவிட யார் இந்த ஊரை வைத்துச் சிரித்திருக்கிறார்கள்? அவரை யாரும் நகைச்சுவை அலமாரியில் வைப்பதில்லை. கல்கிக்குச் சாகித்ய அகாதெமி கிடைத்ததும் 'அலை ஓசை'க்காகத்தான். அதில் சிரிப்பதற்கு அதிகம் இல்லை.

தொல்காப்பியர் எங்கள் பக்கம். எட்டு மெய்ப்பாட்டில், அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகளில், முதலில் நகையைத்தான் வைத்தார், அப்புறம்தான் அழுகை. நகை பிறக்கும் இடம் நாலு என்றார்: எள்ளல் (கேலி), இளமை, பேதைமை (அறியாமை), மடன் (மடமை). யார் வேண்டுமானாலும் மேடை ஏறி ஜோக் சொல்லிப் பார்க்கிற இன்றைய ஓபன் மைக்கில் முக்கால்வாசி எள்ளல். தேவனின் துப்பறியும் சாம்பு முழுக்கப் பேதைமை. அரசியல் மீம் எள்ளல் என்று பார்த்தால், அதில் வருகிற தலைவர் மற்ற மூன்றையும் பார்த்துக்கொள்கிறார்.

ஸ்டாண்டப் பார்ப்பீர்களா? பொறாமையாக இருக்குமா?

பார்ப்பேன். இருக்கும். ஒரே ஆள், ஒரு மைக், செட் இல்லை, வேன் இல்லை, மருந்துக் கடைக்காரர் இல்லை! அலெக்சாண்டர் பாபு பாட்டையும் பேச்சையும் கலந்து ஒரு அரங்கத்தையே கையில் வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு, இரண்டு நாள் எழுத உட்காரவே தோன்றவில்லை.

2018-இல் நானும் ஒரு ஓபன் மைக்குக்குப் போனேன். வயது 56. அடையாறில் ஒரு காபிக் கடையின் பின்பக்கம். இருபது பேர் இருந்தார்கள். அதில் பதினான்கு பேர் மேடை ஏறக் காத்திருந்தவர்கள், அவர்கள் யாரும் சிரிக்க மாட்டார்கள். தன் வரியை மனதுக்குள் ஓட்டிக்கொண்டு, உதடு மட்டும் அசைய, பரீட்சை ஹால் வாசலில் நிற்பவர்கள் மாதிரி இருப்பார்கள். ஒருவருக்கு ஐந்து நிமிஷம். நாலாவது நிமிஷத்தில் பின்னாலிருந்து செல்போன் வெளிச்சத்தைக் காட்டுவார்கள், முடித்துக்கொள் என்று அர்த்தம். எனக்கு யாரும் சொல்லவில்லை. யாரோ போட்டோ எடுக்கிறார்கள் என்று நினைத்து, சட்டையைச் சரிசெய்துகொண்டு கொஞ்சம் திரும்பி நின்றேன். அன்று எனக்குக் கிடைத்த ஒரே சிரிப்பு அதுதான். காத்திருந்த பதினான்கு பேரும் சிரித்தார்கள்.

நான் கொண்டுபோனது மனைவி ஜோக்குகள். சபாவில் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம், ஜோடியாக வந்து உட்கார்ந்திருப்பவர்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரிப்பார்கள். இங்கே முன்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் பரிதாபமாகப் பார்த்தார்கள். எனக்கு அடுத்து வந்த பெண், மாப்பிள்ளை பார்க்க வந்த குடும்பத்தைப் பற்றி அவள் பக்கத்திலிருந்து பேசினாள். அதே வீடு, அதே பஜ்ஜி, அதே மாமியார். முப்பத்துநாலு வருடமாக நான் அந்தக் கேமராவைத் தப்பான மூலையில் வைத்திருந்தேன் என்று தோன்றியது.

உங்கள் ஜோக்கை யாராவது திருடியிருக்கிறார்களா?

தினமும். தண்ணீர் லாரி ஜோக் போன வருடம் எங்கள் குடும்ப வாட்ஸாப் குரூப்பில் "படித்ததில் பிடித்தது" என்று வந்தது. அனுப்பியவர் என் சொந்தச் சித்தப்பா. லாரிக்குப் பதில் மெட்ரோ ரயில் என்று மாற்றியிருந்தார்கள். "சூப்பர்" என்று பதில் போட்டேன். "நீயும் இந்த மாதிரி எழுதேன்டா" என்றார்.

பழைய ஸ்கிரிப்டெல்லாம் வைத்திருக்கிறீர்களா? புத்தகமாகப் போடலாமே?

2015 டிசம்பர் வெள்ளத்தின்போது ஜாபர்கான்பேட்டையில் தரைத்தளத்தில் இருந்தோம். அடையாறு இடுப்பளவு வந்தது. ஸ்கிரிப்ட் எல்லாம் கட்டிலுக்கு அடியில் ஒரு டிரங்குப் பெட்டியில். நாலு நாள் கழித்துத் திறந்து, மொட்டை மாடியில் ஒவ்வொரு தாளாகப் பரப்பி, பறக்காமல் இருக்க மேலே செங்கல் துண்டு வைத்துக் காயப்போட்டோம். இங்க் பேனாவில் எழுதிய வசனமெல்லாம் கரைந்து, பக்கம் பக்கமாக ஒரே நீலம். பென்சில் மட்டும் அழியவில்லை. ஓரத்தில் "சி", இரண்டு வரி தள்ளி "சிசி", அப்புறம் ஒன்றுமில்லை, பக்கத்தின் அடியில் ஒரு "சிசிசி".

எந்த வரிக்கு என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. மேல் வீட்டு அம்மா துணி உலர்த்த வந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, "பையன் எழுதிப் பழகறானா?" என்று கேட்டார்.